நாணு பேசி முடித்த பிறகு

நாணு போனில் பேசினால் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பாதித் தெருவுக்குக் கேட்கும். மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவுக்குக் குரலை உயர்த்த வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இன்று பேசியது மலைநாட்டில், ஒரு தேசியப் பூங்காவின் வாசலில் ஹோம்ஸ்டே நடத்தும் சுதீரோடு. ஆகவே தெருமுனையில் துணி தேய்க்கிறவருக்கும் பயணத் திட்டம் தெரிந்து போயிருக்கும்.

ரமா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவளைப் போல, தப்பு எங்கே வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடறோம்” என்றார் நாணு கன்னடத்தில். தப்பு. சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பேத்திக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

“கைடு கீடு ஒண்ணும் வேண்டாம். நான் அந்தக் காட்டுல வேலை பார்த்தவன்.” இதுவும் தப்பு. கைடு இல்லாமல் வனத்துறை உள்ளேயே விடாது.

“கீழ அறை ஒண்ணு கட்டாயம் வேணும். எங்க அண்ணா வரார். அவரால படி ஏற முடியாது.”

ரமாவின் கை நின்றுவிட்டது. அண்ணா போய் நாலு வருஷம் ஆகிறது. தூக்கிக்கொண்டு போனவர்களில் நாணுவும் ஒருவர்.

அந்த வீட்டில் எந்தப் பயணம் என்றாலும் திட்டம் போடுவது நாணுதான். பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்கு எந்த வழியாகப் போனால் நல்ல ரோடு, எங்கே இட்லி சூடாகக் கிடைக்கும், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில். போகிற இடத்தில் நடையிலும் ஒரு முறை உண்டு. நாணு முன்னால் போவார். ரமா கடைசியில் வருவாள். நடுவில் மற்றவர்கள். நாலு வளைவு தாண்டியதும் நாணு திரும்பிப் பார்க்காமலே, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கத்துவார். பின்னாலிருந்து ரமா, “ஆச்சு” என்பாள். கோயில், குகை, கோட்டை எல்லாவற்றையும் அந்தக் குடும்பம் அப்படித்தான் பார்த்திருக்கிறது.

ஒரு வருஷமாக அந்தத் திட்டங்களில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாளே போய் நின்றார்கள். பூட்டின மண்டபத்தைப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு, கூட்டமில்லாம கோயிலைப் பார்க்கலாம்” என்று ரமா சமாளித்தாள். ரயில் டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு வாங்கினார். ஒருநாள் ஸ்டேஷனில் யாரையோ ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நாற்பது வருஷமாகக் கார் ஓட்டிய ஒக்கலிபுரத்தில் வழி தவறி, ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் கொண்டுபோய் வண்டியைச் சொருகிவிட்டு, “போலீஸ்காரா ரோட்டை மாத்திட்டா” என்றார். யாரும் எந்த ரோட்டையும் மாற்றவில்லை. ரமா இறங்கிப் போய் ஒரு ஆட்டோக்காரரைக் கெஞ்சி, அவர் முன்னால் போக இவர்கள் பின்னால் வந்தார்கள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, “எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று முடித்துவிட்டார்.

அதிலிருந்து ரமாவுக்கு இரண்டாவது உத்தியோகம் ஒன்று வந்து சேர்ந்தது. நாணு போனை வைத்ததும், அவள் துணி உலர்த்தப் போகிறேன் என்று பின்பக்கத்து பால்கனிக்குப் போவாள். அங்கேயிருந்து அதே எண்ணைக் கூப்பிட்டு, அவர் சொன்ன தப்பையெல்லாம் குசுகுசுவென்று திருத்துவாள். வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியபோதுகூட இப்படி அலுத்ததில்லை. பகலெல்லாம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு, படுத்தால் அவர் மறுநாள் யாரிடம் என்ன பேசப் போகிறார் என்று யோசித்துக்கொண்டு, தூக்கம் என்பதே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. பையன் ப்ரஹ்லாத் ஒயிட்ஃபீல்டிலிருந்து கூப்பிட்டு, “அப்பா எப்படிம்மா இருக்கா?” என்று கேட்டால், “அவருக்கென்ன, ஜோரா இருக்கார்” என்பாள். பெண் அதிதிக்கும் அதே பதில்தான். அப்பாவின் மானத்தைப் பிள்ளைகளிடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் இந்தப் பயணம் கல்யாண மண்டபம் மாதிரி சமாளிக்கிற விஷயம் இல்லை. அங்கே ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, மேலே கீற்றாக வானம். டிசம்பரில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அப்போது ஆற்றுக்குள்ளேயே கழியை ஊன்றிக்கொண்டு நடக்கலாம். பாதி தூரத்தில் ஆறு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் வழி. மற்றப் பக்கம் பார்க்க அதேபோல் இருக்கும், பத்தடி தாண்டினால் ஆளை முழுங்குகிற மடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாணு அங்கே சர்வேக்குப் போனவர். அந்த இடத்தைப் பேத்தி ஷ்ரேயாவுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. “நானும் குட்டியும் கையைப் பிடிச்சிண்டு முன்னால போவோம். நீங்கள்லாம் பின்னால வாங்கோ” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் முன்னால் போகக் கூடாது என்று அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் தான்தான் என்பதும் ரமாவுக்குத் தெரியும். போன ஞாயிறு சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவர் தண்ணீரில் நடக்கிற ஷூவுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார், மென்று விழுங்கிவிட்டாள். இந்த ஞாயிறு எல்லாரும் சாப்பிட வருகிறார்கள். அதற்குள் சொல்லியே தீர வேண்டும்.

“ரமா, புக்கிங் முடிஞ்சது!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “சுதீர் ரொம்பத் தங்கமான பையன். நான் என்ன சொன்னாலும் சரி சார்ங்கறான்.”

“சரி” என்றாள். தூறலாக இருந்ததால் அன்றைக்குத் துணியே துவைக்கவில்லை. கொடியில் உலர்ந்து கிடந்த துண்டை உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டுபோய் மறுபடி பால்கனியில் உலர்த்தினாள். திருட்டுத்தனத்துக்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. சுதீரின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள்.

“இப்போ சார் பேசினாரே, அவரோட மனைவி பேசறேன்” என்று கன்னடத்தில் ஆரம்பித்தாள். “தேதியில ஒரு சின்னத் திருத்தம்.”

“சனிக்கிழமைதானே மேடம்? திருத்தியாச்சு” என்றான் சுதீர்.

“யார் திருத்தினா?”

“நேத்து உங்க மகன் கூப்பிட்டாரு. சார் எந்தக் கிழமை சொன்னாலும் சனிக்கிழமைன்னு வச்சுக்கச் சொன்னாரு. கைடுக்கும் அவரே சொல்லிட்டாரு. காலையில மகள் கூப்பிட்டு அதையே சொன்னாங்க. அவங்க தனியா இன்னொரு கைடுக்குச் சொல்லிட்டாங்க. நீங்களும் கைடு கேக்கப் போறீங்கன்னா மூணு கைடு ஆயிடும் மேடம். உங்க வீட்டு ஆளுங்களைவிட கைடுங்க அதிகமாயிடுவாங்க.”

ரமா கொடியைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு பேருமா? ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்குத் தெரியுமா?”

“தெரியாது போல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, ‘அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவாங்க’ன்னு சொன்னாங்க.”

ஜோராக இருக்கார், ஜோராக இருக்கார் என்று அவள் பூசி மெழுகிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டும் தலையை ஆட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் கரண்டியை வைத்துக்கொண்டு அதே சுவரைப் பூசிக்கொண்டிருந்திருக்கின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு கோபமும் வந்தது. இத்தனை நாள் நான் ஒருத்தியாகவா தூக்கிச் சுமந்தேன்?

“சரிப்பா, அண்ணாவுக்கு அறை கேட்டார் இல்லையா, அது வேண்டாம்” என்றாள். “அவர் வரலை.”

சுதீர் கொஞ்சம் தயங்கினான். “மேடம், இன்னொரு விஷயம். சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. ஆனா ஒரு வீட்டோட எத்தனை ரகசியத்தைத்தான் நான் ஒருத்தன் பாதுகாக்கறது, நீங்களே சொல்லுங்க.”

“சொல்லு.”

“சார் போன வாரம் முதமுதல்ல கூப்பிட்டப்பவே சொல்லிட்டாரு. ‘நான் அப்பப்போ கூப்பிடுவேன். ஏதாவது தப்பாச் சொல்லுவேன். நீ சரி சார், சரி சார்னு கேட்டுக்கோ, எழுதிக்காதே. நான் வச்சதும் என் மனைவி பால்கனியிலேருந்து கூப்பிடுவா. அவ சொல்றதுதான் புக்கிங்’னாரு. அப்புறம் எதுக்கு சார் நீங்க கூப்பிடறீங்கன்னு கேட்டேன். ‘நான் பேசறதை நிறுத்திட்டா அவ பயந்துடுவாப்பா’ன்னாரு.”

தூறல் வலுத்துத் துண்டு நனைந்துகொண்டிருந்தது. ரமா அதை எடுக்கவில்லை. போனை அணைத்தாளா, அவன்தான் வைத்தானா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு வருஷம்! ஒரு வருஷமாக ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று திருடி மாதிரி பேசியிருக்கிறாள். இவர் அதைத் தெரிந்துகொண்டு உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆத்திரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. அதற்கு அடியில் இருந்தது வெறும் அசதி. தன்னுடைய அசதி மட்டுமல்ல. தெரிந்த மாதிரி கத்திக் கத்திப் பேசி, எது தப்பு என்று தனக்கே தெரியாமல் தப்பாகப் பேசி, அதை அவள் திருத்திக்கொள்வாள் என்று நம்பிக் காத்திருந்த மனுஷனுடைய அசதியும்.

உள்ளே வந்தாள். நாணு சாப்பாட்டு மேஜையில் பழைய சாலை வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ரமா எதிர்நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“துணி உலர்த்தியாச்சா?” என்றார்.

“உலர்த்தறதுக்குத் துணியே இல்லை. உங்களுக்கும் தெரியும்.”

நாணு நிமிரவில்லை. வரைபடத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமைன்னு சொன்னேள். சனிக்கிழமை” என்றாள் ரமா, குரலைத் தாழ்த்தாமல். “கைடு வேண்டாம்னேள். கைடு வரார். ப்ரஹ்லாத் ஒண்ணு, அதிதி ஒண்ணுன்னு ரெண்டு கைடுக்குச் சொல்லியிருக்கா.”

“கொழந்தைகளுக்கும் தெரியுமா?” அவர் குரல் அறைக்குள்ளேயே நின்றது. நாணுவுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“தெரியும். இன்னும் ஒண்ணு. அண்ணாவுக்குக் கீழ அறை கேட்டேள்.”

“கேட்டேனா?” என்றார். பிறகு, “அண்ணாவுக்குப் படி ஏற முடியாதுன்னு ஞாபகம் இருந்தது. அண்ணா இல்லைங்கறது…” என்று நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மத்ததெல்லாம் தப்பாச் சொன்னாலும் பின்னாடி எனக்கே உறுத்தும் ரமா. இது உறுத்தவேயில்லை.”

இப்போது விட்டால் இனிமேல் சொல்ல முடியாது என்று ரமாவுக்குத் தோன்றியது.

“தண்ணியில நீங்க முன்னால போகப் போறதில்லை.”

“தெரியும்.”

“குட்டி கையை நீங்க பிடிக்கப் போறதில்லை.”

கண்ணாடியை வேட்டியில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். “ரெண்டா பிரியற இடம் இருக்கே, அதுல எந்தப் பக்கம் வழின்னு ஒரு வாரமா யோசிச்சுப் பார்க்கறேன்” என்றார் கடைசியில். “ஒருநாள் வலதுன்னு தோணறது. ஒருநாள் இடதுன்னு தோணறது. நீ எப்போ சொல்லுவேன்னு காத்திண்டிருந்தேன். என் வாயால சொல்ல வரலை.”

“என்கூடக் கடைசியில வாங்கோ.”

“சரி.”

அவ்வளவுதான். ஒரு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்த வார்த்தை சொல்லியாகிவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கண் இமைதான் கனத்தது. கையை மேஜைமேல் மடித்து, வரைபடத்தின் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். ஆய்ந்த கீரை அரையும் குறையுமாகச் சமையலறையில் கிடந்தது. கிடக்கட்டும்.

அவள் போன் அடித்தது. அதிதி. வழக்கமாக நாணுவின் கைக்குப் போவதற்குள் ரமா பாய்ந்து எடுத்துவிடுவாள். இன்று கையை நீட்டி, போனை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அம்மா கொஞ்சம் படுத்திண்டிருக்கா” என்று நாணு மெதுவாகப் பேசுவது அவளுக்குக் கேட்டது. “ஆமாம், ஊருக்குப் போற விஷயம்தான். நான் எல்லாத்தையும் தப்பாச் சொல்லியிருந்தேம்மா. அம்மா திருத்தினா. நீயும் திருத்தினியாமே… அழாதே. அழாம கேளு. சனிக்கிழமை. ஒரு கைடு போதும், இன்னொருத்தரை வேண்டாம்னு சொல்லிடு. நீயும் ப்ரஹ்லாதும் குட்டியை நடுவுல வச்சுண்டு போங்கோ. நான் அம்மாவோட பின்னால வரேன்.”

கிழமை சரி. கைடு சரி. பாதித் தூக்கத்திலும் ரமாவின் காது பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது.

அறை எத்தனை சொல்லப் போகிறார், அண்ணாவுக்கும் சேர்த்தா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.