கூரைப் பரணில் வெள்ளையம்மா

பொந்தியான் கடற்கரையில் இருந்த துரை பங்களாவின் கூரை உச்சியில் ஒரு பலகை மேடை உண்டு. துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார். ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு அது பரண். கீழேயிருந்து பார்த்தால் அலையாத்தி மரங்கள் கடலை மறைத்துவிடும். அதனால் துரை சிங்கப்பூர் போய்த் திரும்பும் நாளில் ஒருவர் பரணில் நின்று, அவருடைய லாஞ்சுப் படகு கண்ணில் பட்டதும் மணியடிக்க வேண்டும். அந்த வேலை வெள்ளையம்மாவுடையது.

காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்து, மதியம் பங்களாவுக்குத் தண்ணீர் இறைத்து, அதற்கு மேல்தான் அந்த ஏணி. ஏறி முடிப்பதற்குள் முட்டி கழன்றுவிடும் போலிருக்கும். மேலே உட்காரவும் கூடாது. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது துரையின் எண்ணம்.

போன மாதம் கடல் வற்றத்தில் லாஞ்சு சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் மணியடித்தாள். கங்காணி சபாபதி, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்திலிருந்து ஆட்களைக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி இழுக்க வைத்தார். இடுப்பளவு சேற்றில் நின்று இழுத்தவர்களில் அவள் புருஷன் ஐயாசாமியும் ஒருவன். அந்த வாரம் வந்த காய்ச்சல் அவனை இன்னும் விடவில்லை. இன்று காலைகூட நடுங்கிக்கொண்டுதான் படுத்திருந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் வெள்ளைப் புள்ளியாக லாஞ்சு தெரிந்தது. கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. மறுபடியும் சேறு. யாரோ லாஞ்சின் மேலே ஏறித் துணியை ஆட்டினார்கள். கடல் அசையாமல் கிடந்தது, ஆபத்து ஒன்றுமில்லை. கடல் ஏற்றம் வந்தால் லாஞ்சு தானாக மிதக்கும்.

மணிக்கயிற்றைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது.

“ஏய் வெள்ளையம்மா! என்னா தெரியுது?” கீழேயிருந்து கங்காணி கத்தினார்.

“ஒண்ணும் தெரியல கங்காணி. வெறுங்கடல்தான்.”

“நல்லாப் பாரு!”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் போனதும் உட்கார்ந்தாள். பலகை சுட்டது. காலை நீட்டினாள். தொடையிலிருந்து பாதம் வரை வலி மெல்ல இறங்குவது தெரிந்தது. தூரத்தில் துணி ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்துபோனது.

இருட்டத் தொடங்கியபோது தண்ணீர் ஏறி லாஞ்சு நகர்ந்தது. எழுந்து மணியடித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

துரை சிவந்த முகத்தோடு பங்களாப் படியேறி வந்தார். அவர் இங்கிலீஷில் கத்தியதைக் கங்காணி அவளிடம் தமிழில் கேட்டார்.

“இவ்வளவு நேரம் கண்ணு எங்க போச்சு?”

“மங்கலாத் தெரியுது கங்காணி.”

இனி அவள் பங்களாப் பக்கமே வரவேண்டாம், லாலாங் புல் வெட்டப் போகட்டும் என்று உத்தரவானது. நாள் முழுக்க வெயிலில் குனிந்து செய்கிற வேலை. சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

லயத்தில் ஐயாசாமி வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தது.

“இன்னைக்கு நல்லாத் தூங்கிட்டேன். லாஞ்சு ஒழுங்கா வந்துருச்சா?”

“வந்துருச்சு. என்னைத்தான் நாளையிலேருந்து லாலாங் வெட்டச் சொல்லிட்டாங்க.”

“ஏன்?”

“கண்ணு சரியில்லையாம்.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். “உன் கண்ணுக்கு என்னா?”

“ஒண்ணுமில்ல. கஞ்சி ஆறுது, குடிங்க.”

பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் குடிப்பதற்குள், கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.