பித்தளைப் பலகையில் வைத்த கை

எம். புதுப்பட்டி டாக்டர் மகேஷ்குமாரின் வலது கையில் கடைசி மூன்று விரல்களும் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாத்திரை எழுதிக்கொண்டிருந்த பேனா கீழே விழுந்தது. அந்நேரம் வாசலில், அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகையின் மேல் மாடத்தி உள்ளங்கையை வைத்திருந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு அது பழக்கம். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அதே கையோடு டாக்டர் வீட்டுப் பலகையையும் தொட்டுவிட்டே உள்ளே போவார்கள். அதுவரை அதைத் தொட்டவர்கள் நோயோடு வந்தவர்கள். புகாரோடு யாரும் தொட்டதில்லை.

மாடத்தியின் கை தீபாவளி சீசன் வேலையில் வெந்தது. டாக்டர் போனைப் பார்த்தபடியே கட்டுப்போடச் சொன்னார். மூன்று விரலையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டார்கள். அவிழ்த்தபோது அவை ஒட்டியே ஆறியிருந்தன. திரி சொருக முடியாதவளைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவளுக்குச் சடை பின்னிவிடும் வேலை புருஷன் முனியராஜுக்கு வந்தது.

"பெரிய எடம். விட்ரு புள்ள" என்றான் அவன்.

"நீ பின்னுற கோணச் சடையப் பொறுத்துக்கிடுதேன். இதப் பொறுக்க மாட்டேன்."

டோக்கன் கொடுக்கும் பிரீத்தி, புகார் சொல்ல அங்கே ஆள் கிடையாது, வெளியே போய்ச் சொல்லுங்க என்றாள். மாடத்தி வெளியே போய், பலகையில் கை வைத்து, குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளே போதுமானதாக இருந்தன. இன்னொரு நோயாளி நாகையா அவற்றைத் தொட்டதும், அவருக்கு ஊசி குத்திச் சீழ் வைத்த இடத்தில் டாக்டருக்கும் கட்டி எழும்பியது. அன்று முதல் அவர் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தார். காம்பவுண்டுச் சுவர் தகராறில் டாக்டர்மேல் கடுப்பாக இருந்த பலவேசம் பொய்ப் புகார் ஒன்றைச் சொல்லி ஒரு பகல் முழுக்க ஓட்டைகளை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பொய் அதில் ஏறாது என்று ஊர் தெரிந்துகொண்டது.

கம்பவுண்டர் ராஜபாண்டியன் மாடத்தி வீட்டுக்கு வந்தார். புகாரை வாபஸ் வாங்கினால் ஆயுசுக்கும் இலவச வைத்தியம் என்றார்.

"அந்த வைத்தியத்துக்குப் பயந்துதானண்ணே புகாரே சொன்னேன்" என்றாள் அவள். "என் கையப் பாக்கலன்னு அவுக வாயால, எல்லாரு முன்னாலயும் சொல்லணும். என் விரலு பிரிஞ்சா அவுக விரலும் பிரியும்."

மாதம் ஒன்று ஓடியது. டாக்டர் ஒரு நாள் கூட்டம் நிறைந்த நேரத்தில் வெளியே வந்து, "உன் கைய நான் பாக்கவே இல்ல மாடத்தி. தப்பு எம்மேலதான்" என்றார். தன் காரிலேயே அவளையும் முனியராஜையும் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே அறுத்தது அவள் விரல்களை மட்டும். பக்கத்துக் கட்டிலில் டாக்டரின் விரல்கள் தாமாகப் பிரிந்தன. வலி இருவருக்கும் ஒரே அளவில் இருந்தது.

"இனிமே ஆணி ஓட்டைய அடைச்சிரலாமா?" என்று திரும்பும் வழியில் டாக்டர் கேட்டார்.

"பலகைய மறுபடி மாட்டுங்க சார். ஓட்டையில சொல்றது எங்களுக்கு மரியாதையா இல்ல."

மாட்டினார். மாடத்தி இப்போது மறுபடியும் திரி சொருகும் வேலைக்குப் போகிறாள். சடையை இன்னமும் முனியராஜ்தான் பின்னுகிறான், இன்னமும் கோணல்தான். பலகையில் டாக்டரின் பெயர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து பாதி போய்விட்டது. காலையில் அவர் திடீரென்று தோளைத் தடவுவார். பிறகு ஜன்னல் வழியே குரல் கொடுப்பார்:

"பிரீத்தி, நேத்து ஊசி போட்டுத் தோளு வீங்கினது யாரு? அவுகள மொதல்ல உள்ள விடு."