சோளக்காட்டுக்கு உருண்டு போன தொட்டி

கடைசிக் குழியில் கான்கிரீட் பாதி விழுந்திருந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டி மலையை விட்டுப் புறப்பட்டது.

காலையிலிருந்து மிக்ஸர் அதிர்ந்த அதிர்வில் தொட்டியின் அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல் ஒன்று நழுவிவிட்டது. தொட்டி முதலில் பஸ்ஸில் தூங்கி வழிகிறவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தொப்பென்று விழுந்தது. மூடி எங்கோ பறக்க, இருந்த தண்ணீரெல்லாம் பாறைமேல் கொட்டித் தீர்ந்தது. பாரம் குறைந்ததும் அதற்கு உற்சாகம் பிறந்துவிட்டது போலிருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் ஆள் உயரத் தொட்டி, சரிவில் குதித்துக் குதித்து ஓடத் தொடங்கியது.

"பிடிங்கப்பா! பிடிங்க!" என்று நபா மேஸ்திரி கத்தினார். பிடிக்க யார் இருக்கிறார்கள்? ஒவ்வொருவன் கையிலும் கான்கிரீட் வண்டி.

ஹஸ்னாயினி குழியின் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியை அங்கே வைக்கச் சொன்னவளே அவள்தான். அது ஒரு புளியமரத்தில் மோதித் திசை மாறி, வேலியை முறித்துக்கொண்டு, காய்ந்து கிடந்த அந்த மலைச்சரிவிலேயே பச்சையாக இருந்த ஒரே சோளக்காட்டுக்குள் போய் நின்றது.

"எங்க போகக் கூடாதோ, சொல்லி வெச்ச மாதிரி அங்கயே போயிருக்கு பாருங்க," என்றார் மேஸ்திரி. "டாயெங் சித்துரு காடு!"

ஹஸ்னாயினி மக்காஸர் நகரத்துப் பெண். மின்பாதைக்குக் கோபுர அஸ்திவாரம் போடும் கம்பெனியில், தானே பொறுப்பேற்று நடத்தும் முதல் வேலையாக ஜெனெபோன்டோ என்ற வறண்ட மலைப்பகுதிக்கு வந்திருந்தாள். எதிர்க் குன்றுகளில் காற்றாலைகள் நிமிர்ந்து நின்று பல மாதம் ஆகிவிட்டது. காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மின்சாரத்தைக் கொண்டு போகப் பாதை வேண்டுமே. மற்ற கோபுரங்களெல்லாம் எழும்பிவிட்டன. லாரி ஏற முடியாத இந்த ஒரு மலை மட்டும் பாக்கி. மணல், ஜல்லி, சிமெண்டு, கம்பி, தண்ணீர் எல்லாமே டாயெங் ரன்னுவின் குதிரைகள் முதுகில் ஏறி வந்தவைதான். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை மரியாதையாக டாயெங் என்றுதான் அழைப்பார்கள்.

அந்தக் குதிரைகள் இன்று இல்லை. தேவையானதெல்லாம் மேலே வந்து சேர்ந்துவிட்டதால் அவளேதான் விடுப்புக் கொடுத்திருந்தாள். ரன்னுவின் மகன் சப்ரிக்கு இன்று கல்யாணம். மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவள் வேலையைத் தள்ளிப்போடவில்லை.

பெண் யார் என்றால், அதே சித்துருவின் மகள் ஜும்ரியா.

அது ஊர் முழுக்கச் சிரித்த கதை. கோடையில் ஒரு நாள் ரன்னுவின் குதிரைகள் வேலியை உடைத்துக்கொண்டு, சித்துரு கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த சோளத்தில் வாய் வைத்துவிட்டன. சித்துரு ஒரு குதிரையைப் பிடித்துக் கிணற்றடியில் கட்டிப்போட்டு, மகளைக் காவலுக்கு வைத்தார். அவிழ்த்துப் போக வந்தவன் சப்ரி. குதிரை அன்றைக்கே வீடு திரும்பியது. சப்ரி மட்டும் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். அப்பன்மார் இருவரும் சம்பந்தத்துக்கு ஒருவழியாக இறங்கி வந்தார்கள். சோளத்தை மட்டும் சித்துரு மறக்கவில்லை. சந்தைக் காப்பிக்கடையில் எல்லோர் முன்பும் அவர் செய்த சத்தியம் இது: "ரன்னுவோட குதிரை ஒண்ணுகூட இனி என் நிலத்துல குளம்பு வைக்காது. வெச்சா, அதை நான் குழம்பு வைப்பேன்!" ஜெனெபோன்டோவில் இது வெறும் மிரட்டல் இல்லை. அங்கே விருந்து என்றால் குதிரைக் கறிதான்.

மலையடிவாரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வரச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் இருப்பது பாதி மலையில் உள்ள சித்துருவின் கிணறு மட்டுமே. குழியில் விழுந்த கான்கிரீட் இறுகுவதற்குள் அதன்மேல் மறுபாதி விழவேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டாது. உடைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் மழை வந்துவிடும், குழி குளமாகிவிடும்.

"ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க மேஸ்திரி. நான் போய் கேட்டுட்டு வரேன்."

"கல்யாண வீட்டுக்கா? இந்தக் கோலத்துலயா?"

அவள் தன்னைப் பார்த்துக்கொண்டாள். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிமெண்டு. "வேற கோலம் கைவசம் இல்லையே," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

சித்துருவின் வீட்டு முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்திருந்தது. மேளம் முழங்கியது. சப்ரி தலைப்பாகை கட்டிக் குதிரைமேல் இருந்தான். ரன்னுவின் குதிரைகள் எல்லாமே கழுத்தில் மணியும் நெற்றியில் சிவப்புத் துணியுமாக வரிசைகட்டி நின்றன. சித்துருவின் நிலத்தில் கால் வைக்காமல், வேலிக்கு வெளியேதான். பெண்வீட்டுப் பெண்கள் வாசலை மறித்து நின்று, உள்ளே விட என்ன தருவீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஹஸ்னாயினி போய் நின்றதும் மேளம்கூட ஒரு அடி தப்பியது.

"என்ன இஞ்சினியரம்மா, பரிசுக்கு சிமெண்டு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார் ரன்னு.

அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சித்துருவின் முன்னால் நின்றாள். "டாயெங், முதல்ல மன்னிப்பு கேட்டுக்கறேன். எங்க தண்ணித் தொட்டி உருண்டு உங்க காட்டுல விழுந்துடுச்சு. அதை அங்க வெக்கச் சொன்னது நான்தான். சோளத்துக்கான நஷ்டத்தைக் கம்பெனி தரும்."

சித்துரு மீசையைத் தடவினார். "ரன்னு குதிரை வராதுன்னு நிம்மதியா இருந்தேன். இப்போ தொட்டி வருதா? அடுத்தது என்ன, காத்தாடியே வந்து மேயுமா?"

கூட்டம் சிரித்தது. ஹஸ்னாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. குழி கண்ணுக்குள்ளேயே நின்றது. "இன்னும் ஒண்ணு கேக்கணும். உங்க கிணத்துத் தண்ணி வேணும். இப்பவே வேணும். விட்டா கோபுரத்தோட கடைசிக் காலுக்குப் போட்ட கான்கிரீட்டை உடைச்சு எடுக்கணும் டாயெங்."

கல்யாண நாளில் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. "தண்ணிதானே? எடுத்துக்கோ. பம்பை நானே போட்டு விடறேன். ஆனா மேல எப்படிக் கொண்டு போவே?"

எல்லோர் கண்ணும் குதிரைகள் பக்கம் திரும்பியது.

"அது முடியாது," என்றார் சித்துரு உடனே. "சத்தியம் பண்ணியிருக்கேன். ஊரே கேட்டிருக்கு."

"நானும் கேட்டேன்," என்றார் ரன்னு. "நான் ஒண்ணும் என் குதிரைங்களை இவர் காட்டுக்குள்ள விடத் துடிக்கலையே! இவர் அண்டாவைத் தூக்கினா என்ன பண்றது?"

"அண்டா ஏற்கெனவே அடுப்புலதான் இருக்கு சம்பந்தி. இடமும் இருக்கு."

மாடி ஜன்னல் திறந்தது. நெற்றியில் கறுப்புக் கோலமும் தலை நிறையப் பொன்பூவுமாக ஜும்ரியா எட்டிப் பார்த்தாள். "அப்பா! மாமா! ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நிக்காஹ்ல மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்கற மஹரா எனக்கு ஒரு குதிரை தரேன்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா," என்றார் ரன்னு. "நல்ல பெட்டைக் குதிரை."

"அதை எல்லாக் குதிரையும்னு மாத்துங்க."

ரன்னு அண்ணாந்தபடியே நின்றார். "எல்லாமா?"

"அப்பா சத்தியம் பண்ணது ரன்னுவோட குதிரைன்னுதானே? நிக்காஹ் முடிஞ்சதும் அதுங்க ஜும்ரியாவோட குதிரை. மகளோட குதிரையை யாரு குழம்பு வெப்பா? இமாம் உள்ளதான் உக்காந்திருக்காரு. சீக்கிரம் வாங்க, அந்த அக்கா அழுதுடுவாங்க போல இருக்கு."

ஹஸ்னாயினி உண்மையிலேயே அழும் நிலையில்தான் இருந்தாள்.

"இந்த ஒரு நாளைக்கு மட்டும் மஹரா குடுத்துட்டு, நாளைக்குத் திருப்பி வாங்கிக்கிட்டா என்ன?" என்று ரன்னு மெல்ல இழுத்தார்.

"மஹருக்கு வாடகைக் கணக்கெல்லாம் மார்க்கத்துல இல்ல," என்று உள்ளேயிருந்து இமாமின் குரல் வந்தது.

ரன்னு ஊரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். சப்ரி குதிரைமேல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கையிலிருந்த சாட்டையை ரன்னு ஜன்னலை நோக்கி உயர்த்தினார். "எடுத்துக்கோம்மா! எல்லாத்தையும் எடுத்துக்கோ! நீ எங்க போகப்போற, என் வீட்டுக்குத்தானே வரப்போற!"

வாசலை மறித்த பெண்கள் பரிசு எதுவும் கேட்காமலே விலகினார்கள். அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி விரைவாக ஒரு நிக்காஹ் நடந்ததில்லை. உபதேசத்தை இமாம் நாலே வாக்கியத்தில் முடித்தார். "பொறுமையா இருங்க, சண்டை போடாதீங்க, மீதியை சாப்பிடும்போது சொல்றேன்," என்பதே அதன் சாரம். சப்ரி ஒரே மூச்சில் சம்மதம் சொன்னான். சாட்சிகள் தலையாட்டினார்கள். சேற்றுப் பூட்ஸைக் கழற்ற நேரமில்லாமல் வாசற்படியிலேயே நின்று பார்த்த ஹஸ்னாயினி, மற்றவர்களைவிடச் சத்தமாக ஆமீன் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர்வலம் என்றே சொல்ல வேண்டும். சித்துரு பட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பை முடுக்கினார். ரன்னு வேலிப்படலைத் திறந்துவிட்டு, தன்னுடையதாக இல்லாமல் போன குதிரைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றடிக்கு ஓட்டி வந்தார். கல்யாணச் சமையலில் இருந்த எண்ணெய் டின், தண்ணீர்க் கேன், குடம் எதுவும் மிஞ்சவில்லை. ஜல்ஜல்லென்ற மணிச் சத்தத்தோடு குதிரைகள் சோளக்காட்டின் வரப்பில் ஏறின. பின்னாலேயே புதுச்சட்டை போட்ட விருந்தாளிகள் வாளிகளோடு. மேளக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, அடித்துக்கொண்டே ஏறினார்கள். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, முதல் குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவன் சப்ரிதான்.

"ஏம்ப்பா, குதிரைங்க சோளத்தைத் தின்னுட்டே போகுது!" என்று கிணற்றடியிலிருந்து சித்துரு கத்தினார்.

"உங்க மக குதிரை! அவகிட்டயே கேளுங்க சம்பந்தி!" என்று ரன்னு பதில் கத்தினார். முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

மேஸ்திரி சாக்கை விலக்கிக் கம்பியால் குத்திப் பார்த்தார். உள்ளே இன்னும் இளக்கம் இருந்தது. மிக்ஸர் மறுபடி உறுமியது. வாளி வாளியாகத் தண்ணீர் வந்து இறங்க இறங்க, கான்கிரீட் குழிக்குள் சரிந்து விழுந்தது. ஹஸ்னாயினி அளவைப் பார்த்தாள், மட்டம் பார்த்தாள், நடுவில் தானும் இரண்டு முறை குடம் சுமந்து ஏறினாள். கடைசியில் மேல்பரப்பைக் கரணையால் தேய்த்து முடித்தாள். அப்படியே பாறையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். மேஸ்திரி ஏனென்று கேட்டார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

விருந்து பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. கைகால் கழுவிக்கொண்டு அவள் ஒரு ஓரமாக உட்காரப் போனபோது சித்துரு கையைக் காட்டி அழைத்து, மணமக்களுக்குப் பக்கத்திலேயே இடம் போட்டார். "தொட்டி உருட்டின அம்மாவுக்கு நல்ல கறியா பார்த்து வைங்க," என்றார் பரிமாறியவனிடம்.

ஒரு வாரத்தில் மழை கொட்டியது. மழை ஓய்ந்ததும் கோபுரம் எழும்பியது, கம்பி இழுத்தார்கள். எதிர்க் குன்றின் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் பாதையில் ஏறிய அன்று ஹஸ்னாயினி மலையடிவாரத்தில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வேலை கிழக்கே ஒரு சூரியமின் பண்ணைக்குப் பாதை போடுவது. அங்கேயும் லாரி ஏறாத மலை ஒன்று இருந்தது. அவள் பழக்கதோஷத்தில் ரன்னுவைத் தேடிப் போனாள். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே உள்பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு என்ன தெரியும்? நான் இப்போ மருமககிட்ட சம்பளத்துக்கு இருக்கேன்."

ஜும்ரியா சேணத்தைத் தைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க. மாமாகிட்ட பேசின கூலியெல்லாம் மறந்துடுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, அந்த மலையில தொட்டியை எங்க வெக்கப் போறீங்க?"