பூஜ்யம் சார் வீட்டுத் தொட்டி

உணவுத் துறையின் துணை இயக்குநருக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் முதலிடம் வந்ததில்லை. ஓட்டப்பந்தயத்தில் நாலாவதாக வருவார், அதுவும் நாலு பேர் ஓடினால். அப்படிப்பட்டவர் பதினோரு நாடுகளை முந்திவிட்டால் தலைகால் புரியுமா?

விஷயம் இதுதான். உணவு வீணாவதைக் குறைக்கவும், இருப்பது எல்லாருக்கும் நியாயமாகப் போய்ச் சேரவும் பல நாடுகள் கூடி ஒரு குழு அமைத்திருந்தன. ஊருக்குப் புத்தி சொல்லுமுன் அவரவர் வீட்டில் செய்து காட்டுங்கள் என்று குழுவின் தலைவி ஒரே போடாகப் போட்டுவிட்டார். உறுப்பினர் ஒவ்வொருவர் சமையலறையிலும் ஒரு மூடி போட்ட தொட்டி, ஒரு தராசு. வீணாகும் சாப்பாட்டை ஒரு மாதம் எடை போட்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். தலைவி வீட்டிலேயே காய்ந்த ரொட்டி மலையாகக் குவிந்தது. மீன் வளர்ப்பு நிபுணரான ஒரு தாடிக்காரர் மட்டும் கொஞ்சமாகக் காட்டினார். நம்மவர் தொட்டியில் காய்கறித் தோலைத் தவிர ஒன்றுமே விழவில்லை. சுத்தமாகப் பூஜ்யம்.

அன்றிலிருந்து குழுவில் அவருக்குப் 'பூஜ்யம் சார்' என்று பெயர். பூஜ்யம் வாங்கி இப்படிப் பூரித்துப்போன மனுஷரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த தலைவர் அவர்தான் என்று பேச்சு அடிபட்டது. அதற்குமுன் ஒரே ஒரு வேலை பாக்கி. அவருடைய சமையலறையை எல்லா நாட்டுக்காரர்களும் கணினித் திரையில் பார்த்து ரகசியத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரகசியம் என்னவென்று அவருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. தண்ணீர் குடிக்கவும் தொட்டியைத் திறந்து பெருமைப்படவும் போவதைத் தவிர சமையலறைப் பக்கம் அவருக்கு வேலையில்லை. ஆனாலும் எல்லாம் தன் மேற்பார்வையில்தான் நடக்கிறது என்று மனசார நம்பினார்.

அந்த மத்தியானமும் வந்தது. அடுப்பு மேடையில் இரண்டு டப்பாக்களை முட்டுக்கொடுத்து மடிக்கணினியை நிறுத்தினார். மனைவியைப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"நீ நம்ம பாஷையிலயே பேசு. இங்கிலீஷ்ல நான் சொல்லிக்கிறேன்."

தலைவி முதல் கேள்வியைக் கேட்டார்.

"மிஞ்சுற சாப்பாட்டை என்ன பண்றோம்னு கேக்குறாங்க," என்றார் கணவர்.

"என்ன பண்றது? நான் சாப்பிட்டுடுவேன்."

துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்கூட்டியே திட்டமிடுதல், அளவறிந்து வாங்குதல், குடும்பமாகச் சேர்ந்து மறுபயன்பாடு என்று ஆங்கிலத்தில் அளந்து தள்ளினார். தாடிக்காரர் பயபக்தியோடு குறிப்பெடுத்தார்.

தலைவி சிரித்தார். "உங்க மனைவி ரெண்டு வார்த்தைதானே சொன்னாங்க? நீங்க சொன்னது இவ்வளவு நீளமா இருக்கே!"

"எங்க பாஷை ரொம்பச் சுருக்கமானது," என்று சமாளித்தார்.

"சரி, இன்னைக்கு மத்தியானம் அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

அவர் அதை மனைவியிடம் கேட்டார்.

"நேத்து ராத்திரிச் சோறு. முந்தாநாள் பீன்ஸ்," என்றாள் மனைவி.

"இன்னைக்கு உருளைக்கிழங்கு பண்ணியிருந்தியே?"

"அது உங்களுக்கு. அதுல மிச்சம் இருக்கு, நாளைக்கு எனக்கு."

"தினமும் இப்படியா?"

"கல்யாணமானதுலேருந்து அன்னன்னைக்குச் செஞ்சதை நான் சாப்பிட்டது, அடுத்தவங்க வீட்டு விருந்துலதான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

திரையில் பதினோரு முகங்கள் காத்திருந்தன. இன்னும் நாலு நல்ல வார்த்தைகளை எடுத்துவிட்டால் தலைவர் நாற்காலி வீடு தேடி வந்துவிடும். வார்த்தைகளும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'எல்லாருக்கும் நியாயமாக' என்று எந்த முகத்தோடு பேசுவது? அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னார்.

"தொட்டிக்குப் போக வேண்டியது இவங்க தட்டுக்குப் போயிருக்கு. என் பூஜ்யத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்," என்று முடித்தார்.

திடீரென்று தாடிக்காரர் எழுந்து உள்ளே போனார். அவர் பாஷையில் எதையோ கேட்டது காதில் விழுந்தது. பதிலுக்கு ஒரு பெண்குரல் வெகுநேரம் பேசியது. திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என் கணக்கையும் அடிச்சிடுங்க," என்றார்.

தலைவர் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் தொட்டியோடு தட்டுகளையும் கவனிப்பது என்று முடிவானது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில், "அந்தப் பீன்ஸ் இன்னும் இருந்தா எனக்குப் போடு," என்றார் வீறாப்பாக. இருந்தது. மனைவி மறுபேச்சு பேசாமல் போட்டாள். ஒரு வாய் வைத்தவர் முகம் அஷ்டகோணலானது. மெல்லத் தொட்டியைப் பார்த்தார். மனைவி தராசைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நாளையிலேருந்து கொஞ்சமா செஞ்சா என்ன?"

"செய்யலாமே. பாத்திரம் நிறைய இல்லேன்னா இது ஒரு வீடான்னு சத்தம் போடுறது யாரு?"

அவர் அடுத்த வாய் பீன்ஸை அவசரமாக வாயில் அடைத்துக்கொண்டார்.

"அப்புறம், எனக்கும் இங்கிலீஷ் புரியும்," என்றாள் மனைவி. மத்தியானம் செய்த உருளைக்கிழங்கு மொத்தத்தையும் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.