இடது பக்கம் மட்டும்

உயிரியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு குடும்பம் நடத்திவிட்டு, ஒரு நாள் அதற்கெல்லாம் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவள் அவள். அலுவலகத்தில் அவளுக்கு ‘எலியம்மா’ என்று பெயர். எலியை வைத்துச் செய்த ஆய்வென்றால் தலைப்பிலேயே எலி இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பாள். ஆசிரியர் அந்த எலியைப் பிடித்து வெளியே போடுவார்.

இந்த முறை விஷயம் பெரிது. அவளுடைய பழைய ஆய்வுக்கூடத்தில், வெங்காயத் தோல் சாறு தடவிய எலிகளுக்கு ரோமம் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயரோடு வரப்போகும் முதல் கட்டுரை. ஆசிரியர் அதற்குள் தலைப்பு வைத்துவிட்டார்: ‘வழுக்கைக்கு விடிவு!’

“சார், எலிக்குத்தான் வளந்துச்சு.”

“எலின்னு போட்டா எவன்மா படிப்பான்?”

இப்படியே அச்சானால் பழைய கூட்டாளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் ஆசிரியரின் பளபளக்கும் தலையைப் பார்த்தாள். கவலை போய்க் குறும்பு வந்தது.

“அப்ப நீங்களே தடவிப் பாத்துட்டுப் போடுங்க சார். கட்டுரை ஞாயித்துக்கெழமைதானே வருது? ஆனா இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தத் தொடவே கூடாது. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்.”

ஆசை யாரை விட்டது? மனைவி முணுமுணுத்துக்கொண்டே கொதிக்கவைத்துக் கொடுத்த சாற்றை ஆசிரியர் தினமும் தடவிக்கொண்டு வந்தார். கூட்டங்களில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. வெங்காயத் தோல் துணிக்கே சாயமேற்றும் என்பது எலியம்மாவுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சனிக்கிழமை முதலாளி வந்தபோது ஆசிரியரின் தலை, கோடு கிழித்த மாதிரி, ஒரு பாதி ஆரஞ்சு, மறு பாதி பழையபடி. முதலாளி மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்தேவிட்டார்.

அவர் போனதும் ஆசிரியர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“முடி ஏதாவது தெரியுதா, பாரும்மா.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். “நெறம் நல்லாத் தெரியுது சார்.”

ஆசிரியர் பேனாவை எடுத்தார். பழைய தலைப்பை அடித்துவிட்டு ‘வெங்காயத் தோலால் எலிக்கு முடி வளர்ந்தது’ என்று எழுதினார். அவளுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் அவர் ஆத்திரம் அடங்கவில்லை. கீழேயே ‘மனிதருக்கு வளராது’ என்றும் எழுதினார். அவள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள்.

“ஏம்மா? என் தலையே சாட்சி இல்லயா?”

“ஒரே ஒரு தலைய வச்சு அப்படியெல்லாம் முடிவு பண்ண முடியாது சார். அதுவும் பாதித் தலை.”