சீட்டு இல்லாத மருந்து

பெட்டிக்கு அளவு கேட்டவனிடம் ஜோஷி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஆற்றில் பிடித்த மீனைப் பற்றி ஜங்ஷனில் அளக்கும்போதும் அவன் இப்படித்தான் விரிப்பான். அதில் பாதி பொய்யாக இருக்கும். இன்று ஒரு விரற்கடைகூடப் பொய் இல்லை. அந்தக் கைகளை அங்கேயே வெட்டிப் போடலாம் போல அவனுக்குக் கோபம் வந்தது.

"எத்தன வயசு?" என்றான் கடைக்காரன்.

"நாலு ஆவல்ல."

"வெள்ளப் பெட்டி உண்டு."

வெள்ளைப் பெட்டி ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்கே கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கும் கோபம் வந்தது. சவப்பெட்டி என்றால் ஆட்டோவுக்குள் நுழையக் கூடாது. வேன் பிடிக்க வேண்டும், நாலு பேர் தூக்க வேண்டும், ஒருத்தன் 'மெல்ல, மெல்ல' என்று மேஸ்திரி வேலை பார்க்க வேண்டும். இது என்னவோ டிவி வாங்கிக்கொண்டு போகிறதுபோல இருந்தது.

அனுமோள் அவன் தங்கை சுஜியின் ஒரே பிள்ளை. ஆட்டோவில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. மாமனின் மடிதான். ரப்பர் பந்து வைத்த பழைய ஹார்ன் ஒன்று வண்டியில் உண்டு. அதை அமுக்கும் உரிமை அவளுக்கு மட்டும். அவள் இல்லாத நேரத்தில் ஜோஷி அமுக்கினால் சாயங்காலம் கணக்குச் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு எத்தன தடவ அடிச்ச மாமா?"

"ரெண்டே ரெண்டு தடவ. ஒரு மாடு, ஒரு போலீஸ்."

"அது எனக்குள்ளதாக்கும்!" என்று அவன் மூக்கைப் பிடித்துத் திருகுவாள். தண்டனை அவ்வளவுதான். ஜோஷி வாழ்க்கையில் உண்மை சொன்ன ஒரே இடம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு இன்னொரு பெயர் இருந்தது: டாக்டர். பாறசாலை மருந்துக்கடைகளில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நிறுத்திய பிறகு வந்த பெயர். எல்லை தாண்டி அந்தப் பக்கம் போனால் பத்து நிமிஷத்தில் கிடைக்கும். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. இருமல் ஒன்றுதானே என்பான் ஜோஷி. 'டாக்டரே, போன தடவ கொண்டுவந்த அந்த ரோஸ் மருந்து' என்று யாராவது சொன்னால் போதும், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். பனி விட்டதும் மருந்தை நிறுத்தி, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம். காய்ச்சலை அங்கே எல்லோரும் பனி என்றுதான் சொல்வார்கள். பனி வந்தால் டாக்டர் ஜோஷி.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அனுமோளுக்குப் பனியும் இருமலும் வந்தது. சுஜி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனோடு ஜங்ஷன் மருந்துக்கடைக்குப் போனாள். கடையில் இருந்த ஷியாமளா பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஜோஷி, பிள்ளைக்கு மூச்சு விடும்ப விலா குழியுது பாரு. சீட்டு இல்லாம நான் ஒண்ணும் தரமாட்டேன். இப்பமே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"நீ எந்தக் காலேஜில டாக்டருக்குப் படிச்ச மக்கா?" என்றான் ஜோஷி. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுஜியும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அனுமோளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, முகம் சிவந்து, அடங்க நேரமாயிற்று. "ஓடிவந்த பட்டிக்குட்டி மாதிரியில்லா இளைக்குது" என்று நாய்க்குட்டியை இழுத்து அதற்கும் ஒரு வேடிக்கை சொன்னான். நல்ல வேடிக்கைதான். அதற்கும் சிரித்தார்கள்.

அரைமணி நேரத்தில் ரோஸ் மருந்து வந்தது. மூன்றாம் நாள் பனி விட்டது. மருந்தை நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், தலைமுடியைப் பேனாவால் சொருகிக் கட்டியிருந்த ஒரு சின்ன டாக்டர் பெண் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நியூமோனியா. வலது பக்கம் முழுக்க வெள்ளை. "முன்பு ஆன்டிபயாட்டிக் வல்லதும் கொடுத்தோ?" என்று கேட்டாள். சுஜி அண்ணனைப் பார்த்தாள். சீட்டு இல்லாமல் வாங்கினது, கேஸாகுமோ, ஸ்டாண்டில் தெரிந்தால் மானம் போகுமோ. என்ன பெரிய மானம். "இல்ல, பனிக்குள்ள சாதாரண மருந்து மட்டும்" என்றான். சுஜி தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கிருமி ஒன்றும் வளரவில்லை, முன்பே மருந்து போயிருந்தால் அப்படி ஆகும் என்று டாக்டர் மறுபடியும் வந்தாள். "உண்மை சொல்லணும் சேட்டா. கொடுத்திருந்தா நான் வேற மருந்து போடணும்." இரண்டாம் தடவையும் இல்லை என்றான். அவளாகச் சந்தேகப்பட்டு மருந்தை மாற்றினாள். அதற்குள் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஏழாம் நாள், இன்று காலையில், எல்லாம் முடிந்தது.

ஆட்டோ முற்றத்தில் நின்றதும் பெட்டியை யாரும் இறக்கவில்லை. பந்தலின் கீழ் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. அனுமோளின் அப்பா அமல் கொச்சியில் பெயின்ட் அடிக்கிறவன்; பிள்ளை ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் ஊருக்கு வந்தான். அவனைச் சுற்றி ஸ்டாண்டுக்காரர்கள். நடுவில் அவனுடைய பெரியப்பா பாலையன்.

"அந்த டாக்டர் பெண்ணாக்கும் கொன்னது. மருந்த மாத்தினா இல்லியா? மாத்தினதும் பிள்ளை போச்சு. அடக்கம் களிஞ்சதும் நேரா போறோம். ரண்டு வேன் சொல்லியாச்சு."

"அவ முடியப் பிடிச்சு ரோட்டுக்குக் கொண்டு வரணும்" என்றான் ஒருவன். நேற்றுவரை ஜோஷியிடம் ஓசி டீ குடித்தவன்.

"மச்சான், நீயும் வரணும்" என்றான் அமல். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

ஜோஷி அடுக்களைக்குப் போனான். ஃபிரிட்ஜைத் திறந்தான். கதவில், நாரங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில், பாதி பாட்டில் ரோஸ் மருந்து நின்றது.

பின்னால் சுஜி வந்து நின்றாள்.

"அண்ணே, மிண்டாத. ஒண்ணும் சொல்லாத."

"விடு."

"அவரு உன்னக் கொன்னு போடுவாரு."

"கொல்லட்டு."

"நானும்தான அண்ணே ஊத்திக் குடுத்தேன்." அவள் குரல் எழும்பவே இல்லை. "ரண்டு நேரமும் நான்தான. மூடியில ஊத்தி, அவ சப்புக்கொட்டிக் குடிச்சா."

ஜோஷி அவளைப் பார்த்தான். சிறு வயதில் அவன் உடைத்த சட்டிக்கெல்லாம் இவள்தான் பூனைமேல் பழி போட்டு அவனைக் காப்பாற்றுவாள். அப்போதும் இவள்மீது அவனுக்குக் கோபம்தான் வரும். பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எலே, டாக்டரத்தான அடிக்கணும்? அதுக்கு என்னத்துக்கு ரண்டு வேன்? இங்கயே ஒரு டாக்டர் நிக்குதான்."

யாரோ பாதி சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். பழக்கதோஷம்.

"ஷியாமளா தரமாட்டேன்னா. விலா குழியுது, ஆஸ்பத்திரிக்குப் போன்னா. நான் அவளக் கேலி பண்ணிட்டு எல்ல தாண்டிப் போய் இத வாங்கிட்டு வந்தேன். அந்தப் பெண்ணு ரண்டு தடவ கேட்டா. ரண்டு தடவையும் நான் பொய் சொன்னேன். அடிக்கணும்னா அடிங்கலே. வேன் வாடகையாவது மிச்சம்."

பாலையன் மட்டும், "இப்பம் இதெல்லாம் எதுக்குலே மக்கா" என்றார். அவர் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு பாட்டில் உண்டு. கொண்டுவந்தது ஜோஷிதான்.

அமல் எழுந்து வந்தான். ஜோஷி கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். அடி விழவில்லை. அமல் பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் படத்தைப் பார்த்ததுபோல.

"எத்தன நாள்?"

"மூணு. பனி விட்டுது. நிறுத்தியாச்சு."

"ஆரு ஊத்திக் குடுத்தது?"

வாசல்படியில் சுஜி வந்து நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றான் ஜோஷி. "ரண்டு நேரமும் வந்து நான்தான் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அமல் மனைவியைப் பார்த்தான். பிறகு பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வேன் வேண்டாம்னு சொல்லு பெரியப்பா" என்றான்.

அந்தக் குடும்பத்தில் பிள்ளைப்பெட்டியைத் தாய்மாமன்தான் தூக்கவேண்டும். ஜோஷி ஆட்டோவுக்குள் குனிந்து பெட்டியில் கை வைத்தான்.

"நீ தொடாத" என்றான் அமல்.

கல்லறைத் தோட்டம்வரை அமலே ஒற்றையாகச் சுமந்தான். ஜோஷி கூட்டத்துக்குக் கடைசியில் ஆட்டோவை முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனான். போதகர் ஜெபித்ததும் மண் விழுந்ததும் மதிலுக்கு வெளியே இருந்தபடிதான் கேட்டது. ஷியாமளா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அவன் பக்கமாகப் போகும்போது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் கடைச் சாவியைக் கையில் பிடித்தபடி கடந்து போனாள்.

திரும்பும்போது ஆட்டோவில் யாரும் ஏறவில்லை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு கண்மூடி வளைவு வரும். ஹார்ன் அடிக்காமல் யாரும் அதில் திரும்பமாட்டார்கள். அவன் கை ரப்பர் பந்துக்குப் போனது. அங்கேயே நின்றது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

வளைவிலிருந்து வெள்ளறடை பஸ் பாய்ந்து வந்து, ஒரு சாண் இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மலையாளத்தில் கத்தினான்.

"ஹார்ன் இல்லேடா நின்றெ வண்டியில்?"

"உண்டு" என்றான் ஜோஷி.