பாறைச் சில்லைக்கு ஒரு திருடி சாட்சி

1.
வெடிச்சத்தம். மேசையில் தேநீர் தளும்பி, நான் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதை நனைந்துபோனது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். கடல் கடந்து வந்து இந்த ஜோஸ் பீடபூமியில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கல்குவாரி வெடி புதிதல்ல. அன்று வெடித்தது கானெங்கின் பாறைக்கு அடுத்த பாறை.

[அடித்துவிட்ட தொடக்கம்: 'உள்ளங்கைக்குள் அடங்கும் செந்நிறச் சில்லை ஒன்று, விடியலின்...' வேண்டாம். விடியலை வர்ணித்து முடிப்பதற்குள் குருவி பறந்துவிடும்.]

2.
கானெங் அச்சா தானியம் விதைப்பவள். அவள் பாறையிடுக்குப் புல்லில் அந்த அரிய சில்லை கூடு கட்டுகிறது. கூடு இருந்தால் குவாரிக்கு அனுமதியில்லை. பார்த்து எழுத அதிகாரி தெர்கிம்பி வந்திருந்தார். மதியம்வரைதான் இருப்பார்.

சில்லை வரவில்லை. காரணம், கானெங்கின் நாத்தனார் லியொப். கதிரை மிதித்துத் தூற்றும் அந்தப் பாறையில் சிந்திய மணிகளைத்தான் சில்லைகள் தினமும் பொறுக்கும். லியொப் அதைக் காலையிலேயே பளிச்சென்று பெருக்கியிருந்தாள்.

"விருந்தாளி வராங்க, குப்பையா கெடந்தா நம்மளதானே பேசுவாங்க அண்ணி?"

"நல்லா பெருக்கினடி. வரவேண்டிய விருந்தாளிக்குப் போட்ட சோத்தையும் சேர்த்துப் பெருக்கிட்ட."

3.
இங்கே நான் சிக்கிக்கொண்டேன்.

முடிவு அ: சரியாகப் பன்னிரண்டு மணிக்கு சில்லை வந்து அதிகாரியின் தொப்பியில் உட்காருகிறது. எழுதினேன், கிழித்தேன். எந்தச் சில்லையும் எழுத்தாளனுக்காக வந்ததில்லை.

முடிவு ஆ: அவர் குவாரி அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு... [இதை முடிக்க மாட்டேன். நான் சாப்பிடுவது கானெங் விளைவித்த அச்சா.]

4.
நடந்தது இது. பட்டமரத்து உச்சியில் சில்லையின் பாட்டு கேட்டது. அதிகாரி தொலைநோக்கியைத் தூக்கி, உடனே இறக்கினார். பாடியது வேறொரு கரிய குருவி.

(இந்த இனம் நம் குயில் மாதிரி. சில்லையின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். ஆனால் குயில் தன் பாட்டையே பாடும். இது வளர்த்தவர்களின் பாட்டைக் கற்றுக்கொண்டு பாடும்.)

அப்படியானால் சில்லையும் இங்கேதானே இருக்கிறது என்றாள் கானெங். அதெல்லாம் தெரியும் என்றார் தெர்கிம்பி. வேறு மலையில் வளர்ந்து, கற்றுக்கொண்டு வந்திருக்கலாமே? பேனாவைத் திறந்தார்.

அப்போது கரியவனின் ஜோடி, மண்நிறப் பெட்டை, ஓசையில்லாமல் இறங்கிப் பாறையிடுக்குப் புல்லுக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் வெளியே வந்து, திரும்பிப் பாராமல் பறந்தது.

கானெங் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூன்று முறை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதிகாரி புல்லை விலக்கி என்ன கண்டார், என்ன எழுதினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இதை எழுதும் இந்த நிமிடம், என் சன்னல் முழுக்க அந்தப் பாறைதான் நிற்கிறது.

மண்டியிடப்போன அதிகாரியிடம் கானெங் கேட்டதோடு என் வேலை முடிந்தது:

"ஆளில்லாத வீட்டுல எந்தத் திருடியாவது தன் புள்ளைய விட்டுட்டுப் போவாளா, ஐயா?"